கடல் கடந்த குரல்

1957ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், இலண்டன் மாநகரிலுள்ள செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபம் மக்களால் நிறைந்திருந்தது. அவர்கள் கேட்க வந்த பாடகரோ மேடையில் இல்லை. அவர் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நியூயார்க் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்தார். அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொலைபேசிக் கம்பிவடம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே அவருடைய ஆழ்ந்த குரல் இலண்டன் மண்டபத்தின் ஒலிபெருக்கிகளில் எழுந்தது. ஏழு ஆண்டுகளாகத் தம் நாட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதிருந்த அப்பாடகர் பால் ராப்சன்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் என்னும் ஊரில், 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ராப்சன் பிறந்தார். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் வடகரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் பண்ணையிலிருந்து தப்பி வடமாநிலங்களை அடைந்து, கல்வி கற்றுத் திருச்சபைப் போதகரானவர். தாய் மரியா லூயிசா ஆசிரியப் பணி செய்தவர். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று அவ்வூரில் இருந்தது. ஆயினும் கறுப்பின மாணவர்களுக்கு அக்காலத்தில் அதன் கதவு திறக்கவில்லை.

1901ஆம் ஆண்டில் தந்தை தம் போதகர் பதவியை இழந்தார். இருபது ஆண்டுகள் மக்களால் மதிக்கப்பட்டவர், அதே ஊரில் குதிரைவண்டி ஓட்டியும் வீடுகளின் அடுப்புச் சாம்பலை அள்ளிச் சென்றும் குடும்பத்தைக் காத்தார். அவர் தம் நிலையை நொந்து பேசக் கேட்டதில்லை என்று பின்னாளில் மகன் நினைவுகூர்ந்தார். 1904ஆம் ஆண்டில் இன்னொரு துயரம் நேர்ந்தது. கண்பார்வை மங்கியிருந்த தாயின் ஆடையில் அடுப்புத் தீப் பற்றியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. பாலுக்கு அப்போது ஆறு வயதும் நிரம்பவில்லை. அதன்பின் தந்தையே தாயுமானார். பள்ளிப் பாடங்களைத் தாமே கேட்டறிந்தார். சொற்பொழிவுகளை உரக்கச் சொல்லவைத்து ஒவ்வொரு சொல்லின் ஒலிப்பையும் திருத்தினார். பிற்காலத்தில் உலகின் பல அரங்குகளில் ஒலித்த அக்குரலுக்கு முதல் ஆசான் அவரே.

1915ஆம் ஆண்டில் மாநில அளவிலான போட்டித் தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் ராப்சன் சேர்ந்தார். அக்கல்லூரியின் வரலாற்றிலேயே அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம்பெற விரும்பி முதல் பயிற்சிக்குச் சென்றபோது, சக மாணவர்களே அவரைத் திட்டமிட்டுத் தாக்கினர். மூக்கெலும்பு முறிந்தது, தோள்மூட்டு விலகியது. படுக்கையில் கிடந்த அவருக்குத் தந்தை சொல்லியிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது: விளையாட்டிலோ வகுப்பிலோ அவர் தனியொருவர் அல்லர், அவருக்குப் பின் அங்கே வரக் காத்திருக்கும் கறுப்பினப் பிள்ளைகள் அனைவருக்காகவும் நிற்பவர். உடல் தேறியதும் அவர் மீண்டும் ஆடுகளம் சென்றார். மற்றொரு நாள் ஒருவன் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தான். சினந்தெழுந்த ராப்சன் எதிரே பந்துடன் வந்தவனைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். பயிற்சியாளர் அக்கணமே அவரை அணியில் சேர்த்துக்கொண்டார். 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் மிகச்சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைக் கொண்ட பட்டியலில் அவர் இடம்பெற்றார். எனினும் தென்மாநிலக் கல்லூரி அணியொன்று கறுப்பினத்தவருடன் ஆட மறுத்தபோது, அவருடைய கல்லூரி அவரையே வெளியில் அமரச் செய்தது. 1919ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றும் சிறப்பும் அவருக்கே கிடைத்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1923இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியில் அமர்ந்தார். ஆனால் அங்கிருந்த வெள்ளையினச் சுருக்கெழுத்தாளர், கறுப்பினத்தவர் சொல்ல எழுதமாட்டேன் என மறுத்தார். சட்டத் தொழில் அத்துடன் முடிந்தது. வேதியியல் பயின்றவரும் பின்னாளில் நூலாசிரியராகவும் விளங்கியவருமான அவருடைய மனைவி எஸ்லாண்டா, கணவரின் ஆற்றல் மேடைக்கே உரியது என்பதை முன்னரே உணர்ந்திருந்தார்.

அந்நாளைய அமெரிக்க மேடையின் நிலையை இங்கே அறிந்துகொள்வது நலம். நூறாண்டுக் காலமாக வெள்ளையின நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் நடித்துக் காட்டிவந்தனர். பாட்டும் கேலியும் கலந்த அக்காட்சிகளே நாட்டின் மிகப் பெரிய பொழுதுபோக்காக விளங்கின. கறுப்பினத்தவரை நேரில் அறியாத பலர், அவர்களைப் பற்றி அறிந்ததெல்லாம் அக்கேலியின் வழியாகவே. இந்நிலையில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லாரன்ஸ் பிரவுன் பியானோ இசைக்க, நியூயார்க் அரங்கொன்றில் ராப்சன் பாடினார். அடிமைகள் பருத்தி வயல்களிலும் இரவு வழிபாடுகளிலும் பாடிய பக்திப் பாடல்களையும் உழைப்புப் பாடல்களையும் மட்டுமே கொண்டு முழுக் கச்சேரி நிகழ்த்தினார். கேலிக்குரியதாகக் காட்டப்பட்ட பேச்சுமொழி அன்று இசையரங்கின் மதிப்பைப் பெற்றது.

1928இல் இலண்டனில் ‘ஷோ போட்’ என்னும் இசைநாடகத்தில் நடித்தார். மிசிசிப்பி ஆற்றை நோக்கிக் கப்பல்துறைத் தொழிலாளி பாடும் பாடல் அவருடைய அடையாளமாகவே ஆயிற்று. அது துன்பத்தில் சோர்ந்தவனின் புலம்பலாக எழுதப்பட்டிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல ராப்சன் அதன் சொற்களை மாற்றினார். சோர்வுக்குப் பதிலாக இறுதிவரை போராடும் உறுதி அதில் இடம்பெற்றது. இலண்டன் வாழ்வு அவரை உருமாற்றியது எனலாம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் துயரை அங்கே கண்டார். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். குடியேற்ற நாடுகளின் விடுதலை வேட்கையுடையோருடன் பழகினார். 1938ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு இலண்டன் வந்தபோது நடந்த வரவேற்புக் கூட்டத்தில் ராப்சனும் பங்கேற்றார். அந்த நட்பு இருபது ஆண்டுகளுக்குப் பின் பயன் தந்தது.

திரைப்படம் அவருக்குப் புகழையும் பொருளையும் தந்தது. மனநிறைவை அரிதாகவே தந்தது. 1935இல் வெளிவந்த ‘சாண்டர்ஸ் ஆஃப் த ரிவர்’ படத்தில், ஆப்பிரிக்கரின் பண்பாட்டைப் பெருமையுடன் காட்டலாம் என்று நம்பி நடித்தார். படம் முடிந்து வெளிவந்தபோது அது பிரித்தானியப் பேரரசைப் போற்றும் படமாக இருந்தது. அவருடைய பாத்திரம் வெள்ளையின அதிகாரிக்குப் பணிந்து நடக்கும் தலைவனாகக் காட்சியளித்தது. அதற்காக அவர் வாழ்நாள் முழுவதும் நாணினார். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய ‘த ப்ரௌட் வேலி’ ஒன்றே அவர் நெஞ்சுக்கு நெருக்கமான படம். 1942இல், கறுப்பினத்தவரை மீண்டும் பேதைகளாகக் காட்டிய படமொன்றில் நடித்ததற்கு வருந்தி, ஹாலிவுட்டைத் துறந்தார்.

வானொலியோ அவரை நாடறியச் செய்தது. 1939 நவம்பரில் ‘பேலட் ஃபார் அமெரிக்கன்ஸ்’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடலை அவர் வானொலியில் பாடியபோது கூடத்தில் கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. விந்தை என்னவெனில், மறு ஆண்டில் குடியரசுக் கட்சியின் மாநாட்டிலும் பொதுவுடைமைக் கட்சியின் மாநாட்டிலும் இதே பாடல் இசைக்கப்பட்டது. நாடே கொண்டாடிய அப்பாடகர் அவ்வாண்டு லாஸ் ஏஞ்சலிஸ் சென்றபோது, தங்குவதற்கு விடுதி கிடைப்பது அரிதாயிற்று. ஒரேயொரு விடுதி, மிகுந்த கட்டணத்துக்கு, வேறு பெயரில் தங்கச் சம்மதித்தது. ராப்சன் நாள்தோறும் பிற்பகலில் அவ்விடுதியின் முன்கூடத்தில் எல்லாரும் காண இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தார். அடுத்து வரும் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமுண்டு என்பது தெரியவேண்டும் என்பதே அவர் எண்ணம்.

1943 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக அவர் தோன்றினார். கறுப்பின வீரனான அப்பாத்திரத்தை அதுவரை அங்கே முகத்தில் சாயம் பூசிய வெள்ளையினத்தவரே நடித்துவந்தனர். நாடகம் தொடர்ந்து 296 முறை நிகழ்ந்தது. பிராட்வேயில் வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அத்தனை முறை தொடர்ந்து நடிக்கப்பட்டதில்லை.

இவ்வளவு புகழின் உச்சியில் நின்றவர் அமைதியாக இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. 1946இல், கறுப்பினத்தவரைக் கும்பல்கள் பிடித்துக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமெனக் குடியரசுத் தலைவர் ட்ரூமனை நேரில் சந்தித்துக் கேட்டார். அரசு காக்கத் தவறினால் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என்றும் கூறினார். 1949 ஏப்ரலில் பாரிஸ் அமைதி மாநாட்டில் பேசினார். அப்பேச்சைப் பற்றி அமெரிக்காவுக்குச் சென்ற செய்தி, அவர் உண்மையில் பேசியவற்றினின்று மாறுபட்டிருந்தது. சோவியத் நாட்டுக்கு எதிராகப் போர் மூண்டால் கறுப்பினத்தவர் அமெரிக்காவுக்காகப் போரிடமாட்டார்கள் என அவர் அறிவித்ததாக நாளிதழ்கள் எழுதின. மறுப்பைக் கேட்பார் எவருமில்லை. நாடாளுமன்றக் குழுவொன்று, பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை அழைத்து ராப்சனுக்கு எதிராகச் சாட்சியம் பெற்றது. கறுப்பினத்தவரைப் பேஸ்பாலில் சேர்க்கவேண்டுமென 1943இலேயே அணி உரிமையாளர்களிடம் வாதாடியவர் ராப்சன். அச்சாட்சியத்தில் ராபின்சன் நிறவெறியையும் கண்டித்திருந்தார். நாளிதழ்கள் ராப்சனைக் குறைகூறிய பகுதிக்கே முதலிடம் தந்தன. தம் இறுதிக்காலத்தில் எழுதிய நூலில் ராபின்சன், ராப்சன் மீது தமக்கு மதிப்பு வளர்ந்திருப்பதை வெளிப்படுத்தினார்.

அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பீக்ஸ்கில் அருகே திறந்தவெளியில் அவர் பாடினார். ஒரு வாரத்துக்கு முன் நடக்கவிருந்த நிகழ்ச்சியைக் கும்பலொன்று தாக்கி நிறுத்தியிருந்தது. இம்முறை தொழிற்சங்கத்தினர் தோளோடு தோள் நின்று திடலைச் சூழ்ந்து காத்தனர். கச்சேரி இனிதே நடந்தது. திரும்பிச் சென்றவர்களின் பேருந்துகளும் கார்களும் வழிநெடுகக் கல்லெறியப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அதன்பின் அவர் பெயரைத் துடைத்தெறியும் பணி தொடங்கியது. ஏற்பாடாகியிருந்த 80-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நீக்கப்பட்டன. கடைகளிலிருந்து இசைத்தட்டுகள் மறைந்தன. 1950 மார்ச்சில், எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் கலந்துகொள்வதாக அறிவிப்பு வந்த உடனேயே அது கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அவருடைய கடவுச்சீட்டை முடக்கியது. ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்காக அவர் வெளிநாடுகளில் பேசிவந்ததையும் அரசு தன் வாதத்தில் காரணமாகக் காட்டியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை எட்டியிருந்த வருவாய் சில ஆயிரங்களாகக் குறைந்தது.

கனடா செல்ல அமெரிக்கருக்கு அக்காலத்தில் கடவுச்சீட்டே தேவைப்படவில்லை. அவரை மட்டும் எல்லையில் தடுத்தனர். 1952 மே மாதத்தில் அவர் எல்லைக்கோட்டின் இப்பக்கம் ஒரு பாரவண்டியின் தட்டின்மேல் ஏறி நின்று பாடினார். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். 1957இல் முதலில் இலண்டனுக்கும் பின்னர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் விழாவுக்கும் கடலடிக் கம்பிவடமே அவர் குரலைச் சுமந்து சென்றது.

அவரிடமும் குறை இருந்தது. 1934இல் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது தம் நிறத்தை எவரும் பொருட்படுத்தாததைக் கண்டு நெகிழ்ந்தார். அந்நெகிழ்ச்சி, ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகள் பற்றி வாய்திறவாமல் அவரைத் தடுத்தது. அங்கே துன்புற்றவர்களில் அவருடைய நண்பர்களும் இருந்தனர். தம் நாட்டு அநீதியை அஞ்சாது கூறியவர் அங்கே மௌனம் காத்ததை, அவரைப் போற்றுவோரும் மறுக்க இயலாது.

1956 ஜூனில் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்டபோது, தம் தந்தை அடிமையாக உழைத்த நாடு இது, தம் மக்கள் உயிர்கொடுத்து உருவாக்கிய நாடு இது, இதில் தமக்கும் பங்குண்டு என்று விடையளித்தார். 1958 ஏப்ரலில் அவருடைய அறுபதாம் பிறந்தநாள் இந்தியாவில் கொண்டாடப்பட்டது. அதற்கென அமைந்த குழுவுக்குப் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்லா தலைமை ஏற்றார். அமெரிக்க அதிகாரிகள் அவ்விழாவைத் தவிர்க்க முயன்றும், தலைமை அமைச்சர் நேரு தம் ஆதரவை விலக்கிக்கொள்ளவில்லை. அதற்கும் முன்பே, கொலம்பியாவில் பயின்ற அசாமியக் கலைஞர் பூபேன் ஹஜாரிகா ராப்சனின் ஆற்றுப்பாடலால் ஈர்க்கப்பட்டிருந்தார். மிசிசிப்பியை நோக்கி எழுந்த கேள்வி அவர் இசையில் பிரம்மபுத்திராவை நோக்கி எழுந்தது. பின்னர் வங்கத்திலும் இந்தியிலும் கங்கையை நோக்கி ஒலித்தது.

1958 ஜூனில் உச்ச நீதிமன்றம், கொள்கை காரணமாகக் கடவுச்சீட்டை மறுக்க அரசுத்துறைக்கு அதிகாரமில்லை என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. ராப்சன் உடனே இலண்டன் சென்றார். மறு ஆண்டு ஷேக்ஸ்பியரின் ஊரிலேயே ஒத்தெல்லோவாக நடித்தார். ஆனால் விரைவில் உடலும் உள்ளமும் நோயுற்றன. 1963இல் தாயகம் திரும்பியவர், மனைவியின் மறைவுக்குப் பின் பிலடெல்பியாவில் தம் தமக்கையின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்து, 1976ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார்.

கல்லூரிக் கால்பந்து வரலாற்றைக் கூறும் நூலொன்று, 1950இல் வெளிவந்தபோது, 1918ஆம் ஆண்டின் சிறந்த அணியில் பதினொருவருக்குப் பதிலாகப் பத்துப் பெயர்களையே அச்சிட்டிருந்தது. விடுபட்டவர் ராப்சன். 1995ஆம் ஆண்டில், அவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின், கல்லூரிக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.