ஒரு தோட்டாவின் பொறுப்பு

புலியோ சிறுத்தையோ மனிதரைக் கொன்றதாகச் செய்தி வரும்போதெல்லாம், அதைச் சுட்டுத் தள்ள வேண்டியதுதானே என்ற குரல் எழுகிறது. உறவை இழந்தவர்களின் துயரத்திலிருந்து வரும் அந்தக் குரலை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், அதைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு ஜிம் கார்பெட்டிடம் செல்கிறது. பள்ளி நாள்களில் தி.ஜ.ர.வின் தமிழில் 'குமாயுன் புலிகள்' நூலை வாசித்தபோது எனக்குப் புலிகள் மட்டுமே தெரிந்தன. இந்த வயதில் மீண்டும் வாசிக்கையில், அவர் கையிலிருந்த துப்பாக்கியும் அது அவருக்குக் கற்றுத் தந்த நிதானமும் கண்ணில் படுகின்றன.

கார்பெட் 1875 ஜூலை 25-இல் நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல்துறைத் தலைவர். மகனுக்கு ஆறு வயது நிறையுமுன்பே இறந்துபோனார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். குளிர்காலங்களில் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு அக்குடும்பம் இறங்கிவரும். வீட்டு வாசலிலிருந்தே காடு தொடங்கியது.

எட்டு வயதில் உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு துப்பாக்கி கொடுத்தார். குழல் வாயில் மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. வலக்குழல் வெடித்துப் பிளந்திருந்தது. பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பயன்பட்டது ஒரே குழல். மருந்துக்கும் ரவைக்கும் சிறுவனிடம் பணம் கிடையாது. குறி தவறினால் மீண்டும் கெட்டிப்பதற்குள் பறவை பறந்துவிடும். பாய்வது விலங்கானால் உயிரே போய்விடும். ஆகவே, நிச்சயமில்லாமல் விசையை அழுத்தக் கூடாது என்ற பாடத்தை அந்தப் பிளந்த குழலே அவருக்குக் கற்பித்தது என்று நான் கருதுகிறேன்.

படிப்பை நீட்டிக்க வசதியில்லாமல் இளம்வயதிலேயே ரயில்வே வேலைக்குப் போனார். பிகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். தொழிலாளர்களோடு சேர்ந்து தாமும் மூட்டை சுமந்தார். முதல் உலகப்போரில் குமாயுன் மலைவாசிகள் 500 பேரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, ஒருவரைத் தவிர அனைவரையும் ஊர் திரும்பச் செய்தார். ஆட்கொல்லிகளைத் தேடிப் போனது இந்த வாழ்க்கையின் ஒரு பகுதிதான். விடுப்பு கிடைத்த நாள்களில் ஊதியமின்றிச் செய்த பணி.

அவற்றுள் முதலாவது சம்பாவத் பெண்புலி. அரசுக் கணக்கின்படி நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்ற விலங்கு. 1907-இல் அதைத் தேடிப் புறப்படுமுன் கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அதன் தலைக்கு அறிவிக்கப்பட்ட பரிசு ரத்தாக வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் விலக வேண்டும். பரிசுக்காகச் சுடுபவர் என்ற பெயரையும் அவர் விரும்பவில்லை. பிறர் தோட்டாவுக்கு இரையாகவும் விரும்பவில்லை.

அன்று அவர் எடுத்துச் சென்றது கனமான இரட்டைக்குழல் துப்பாக்கி. தோட்டாக்கள் மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தபோது புலி காயத்துடன் உயிரோடு நின்றது. உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்து, அதைக் கொண்டுதான் முடித்தார். அதன்பின் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலப்புறத்தின் மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ எவரோ அரைகுறையாகச் சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன புலி மனிதரைப் பிடித்தது. அந்த 436 மரணங்களுக்குப் பின்னால் புலி மட்டுமல்ல, நிச்சயமில்லாமல் விசையை அழுத்திய ஒரு விரலும் இருந்தது.

அந்த வேட்டைக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டனின் ரிக்பி நிறுவனம் செய்தது. அடிக்கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் சம்பாவத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இதன் குழல் ஒன்றே. விட்டம் 7 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில் 0.275. ஜெர்மானியரான மவுசர் வடிவமைத்த போல்ட் பொறியமைப்பு கொண்டது. கதவுத் தாழ்ப்பாளை நிமிர்த்தி இழுப்பதுபோல் கைப்பிடியை உயர்த்திப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும்.

இந்த வகைத் துப்பாக்கியைத் தேர்வு செய்பவர் ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழக்கிறார். இரட்டைக்குழலில் இரண்டாவது வேட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைக்கும். அதன் பெரிய குண்டு பாய்ந்துவரும் விலங்கையும் நிறுத்தும். ஆனால் எடை அதிகம், உதைப்பும் அதிகம். போல்ட் துப்பாக்கி இலகுவானது, துல்லியமானது, உதைப்புக் குறைந்தது. நாள் முழுதும் மலையேறினாலும் தோள் தளராது. ஆனால் இரண்டாவது வேட்டுக்குக் கையை அசைத்தாக வேண்டும்; அந்த ஓசையும் தாமதமும் புலிக்குப் போதும். எனவே அதை எடுத்துச் செல்பவர் முதல் குண்டையே கடைசிக் குண்டாக எண்ணிக் காத்திருக்க வேண்டும். கார்பெட் 450/400 ரக இரட்டைக்குழல் ஒன்றையும் வைத்திருந்தார். சமயத்துக்கேற்ப இரண்டையும் பயன்படுத்தினார். ஆயினும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்தச் சிறிய ரிக்பிதான்.

அதற்குக் காரணம் உண்டு. எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை, குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் பல இரவுகள் காத்திருந்து, 1926 மே மாதத்தில் ஒரே குண்டில் வீழ்த்தினார். 1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியை எட்டடித் தொலைவில் நேருக்கு நேர் சந்தித்தபோது, அவர் இடக்கையில் வழியில் எடுத்த பறவை முட்டைகள் இருந்தன. வலக்கையால் மட்டுமே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். அது கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும்.

ஆனால், இதே சௌகரில்தான் அவர் தவறும் செய்தார். முந்தைய ஆண்டு தாயும் வளர்ந்த குட்டியுமாக இரண்டு புலிகளைக் கண்டு, நிறம் வெளுத்ததே முதியது என்று கணித்துச் சுட்டார். விழுந்தது குட்டி. தப்பிய தாய் மறு ஆண்டுவரை மனிதரைக் கொன்றது. குறி துல்லியம், இலக்கு தவறு. அத்தவற்றை அவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்கொல்லியல்லாத புலிகளையும் விளையாட்டுக்காகச் சுட்டவர் அவர். பவல்கரின் புகழ்பெற்ற ஆண்புலியைச் சுட்டது 1930-இல்தான். வைஸ்ராய்களின் வேட்டைகளுக்கும் துணை நின்றார். எனினும் 1920-களின் பிற்பகுதியிலிருந்து அவர் கைக்கு வேறொரு கருவி வந்திருந்தது. அது சினிமா காமிரா. ஓடையில் சிறு அணைகள் கட்டி, நீரின் சலசலப்பால் காமிராவின் ஓசையை மறைத்துப் புலிகளைப் படமெடுத்தார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றார். அதுவே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான்.

1947-இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடியேறிய அவர், 1955 ஏப்ரல் 19-இல் நியேரியில் காலமானார். அந்தத் துப்பாக்கி அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வசம் சேர்ந்தது. பின்னர் அதைச் செய்த நிறுவனமே வாங்கிக்கொண்டது.

2021 அக்டோபரில் நீலகிரியில் டி-23 என்ற புலி ஊரை நடுங்கச் செய்தது நினைவிருக்கும். வேட்டையாட உத்தரவு வந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஏறத்தாழ மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு மயக்க ஊசி செலுத்தி அதை உயிரோடு பிடித்தார்கள். அந்த நாள்களில் பலர் பொறுமையிழந்தார்கள். நானும் ஓரிரவு இழந்தேன். வேறொரு புலியைச் சுட்டுவிட்டு ஊர் நிம்மதியாக உறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சௌகர் சாட்சி. காயப்படுத்தித் தப்பவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சம்பாவத் சாட்சி.

கொல்வது தவிர்க்க முடியாத நாளும் வரலாம். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அந்த நாளிலும் எந்த விலங்கு என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். சுட்டால் ஒரே குண்டில் முடியுமா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் தேவைப்படும் காலத்தை வனத்துறைக்குக் கொடுப்பதும், அதுவரை அந்த ஊர் மக்களுக்குக் காவலும் உணவும் உறுதி செய்வதும் அரசின் கடமை. காத்திருப்பின் சுமையை மலைக்கிராமத்து ஏழைகள் மட்டும் சுமக்கக் கூடாது.