அளவை தந்த அறிஞர்

ஓர் ஆய்வுக் கட்டுரையின் பயனைப் பிற்கால அறிஞர்கள் அதனை எத்தனை முறை மேற்கோளாகக் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு ஓரளவு அறியலாம். பெரும்பாலான கட்டுரைகள் சில ஆண்டுகளில் மறக்கப்படுகின்றன. ஆனால், 1925ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை இதுவரை பல்லாயிரம் முறை மேற்கோளாகக் காட்டப்பட்டுள்ளது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் இந்திய உயிர்வேதியியல் அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற அவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். அதனால் முழு மருத்துவப் பட்டம் கிட்டவில்லை. அதனினும் குறைந்த சான்றிதழே கிடைத்தது. இதற்கிடையே உடன்பிறந்த புருஷோத்தமனை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். மருந்தறியா நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வேட்கையுடன் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், மருத்துவமனையில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் கல்வியைத் தொடர்ந்தார். அங்குச் சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிஞருடன் இணைந்து, இரத்தம், சிறுநீர் முதலியவற்றில் உள்ள பாஸ்பரஸின் அளவை அறிய எளிய முறையொன்றை வகுத்தார். சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் கரைசல் நீல நிறம் பெறும். நிறம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரஸும் அவ்வளவு மிகுதி. இம்முறையே 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள். எளிமையும் நம்பகமும் ஒருங்கே அமைந்தமையால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதனைக் கையாண்டன. கையாண்டவர் பலர் அக்கட்டுரையைச் சுட்டினர். தசைகள் இயங்கத் தேவையான ஆற்றலைத் தரும் ஏடிபி என்னும் மூலக்கூற்றையும் இவ்விருவரும் கண்டறிந்து 1929இல் வெளியிட்டனர். ஆயினும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை.

1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். புருஷோத்தமனின் உயிரைப் பறித்த ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று.

உடலில் உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. இரத்தப் புற்றுநோயிலோ வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்துவந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்கள் அந்நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். அங்ஙனமாயின், அவ்வமிலத்தைத் தடுத்தால் நோயும் தடைப்படும் அன்றோ? சுப்பாராவின் குழு அமினோப்டெரின் என்னும் மருந்தை ஆக்கி அனுப்பியது. அது பூட்டினுள் நுழைந்தும் திறவாத போலிச் சாவியைப் போன்றது. ஃபோலிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் வேலையைச் செய்யாது.

அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு இம்மருந்தை அளித்தார். 10 பேரின் நிலை தேறியது. அம்முடிவு 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியாயிற்று. அந்நலம் நிலைக்கவில்லை, நோய் மீண்டும் வந்தது. எனினும், இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது மெய்ப்பட்டது. அதே குழு உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு அழற்சிக்கும் வழங்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

அதே ஆண்டு ஆகஸ்டு திங்களில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. புகழ் தேடி மேடை ஏறாத அவரை நோயாளிகள் பலர் அறியார். 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. பட்டங்கள் தராத பெருமையை அவருடைய பணியே அவருக்குத் தந்தது: பிறர் தம் ஆய்வைத் தொடங்குவதற்கு அவர் வகுத்த அளவையும் அவர் தந்த மருந்தும் அடித்தளமாயின.

சிந்தித்து விடை எழுதுக

1. 1925ஆம் ஆண்டுக் கட்டுரை மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம் யாது?
2. அமினோப்டெரின் போலிச் சாவியுடன் ஒப்பிடப்படுவது ஏன்?
3. நலம் நிலைக்காதபோதும் ஃபார்பரின் முடிவு சிறப்புடையதாகக் கருதப்படுவது ஏன்?