தவிட்டின் பெருமை கண்ட ஐக்மன்

சென்ற தவணையில் ஒரு நாள் வகுப்பிலே வள்ளைப்பாட்டு என்னும் இலக்கிய வகையைப் பற்றிப் போதித்துக்கொண்டிருந்தேன். மகளிர் உரலில் நெல்லிட்டு உலக்கையாற் குற்றும்பொழுது பாடும் பாட்டு அது என விளக்கினேன். அப்பொழுது மாணவியொருத்தி எழுந்து, ஆலையிலே விரைவில் முடியும் வேலையைக் கையாற் செய்ததனால் அப்பாட்டைத் தவிர வேறு யாது பயன் விளைந்தது என வினாவினாள். உரல், உலக்கை, சுளகு என்னுஞ் சொற்களின் பொருளைக் கேட்டிருப்பாளாயின் நிகண்டுகளை எடுத்துக் காட்டியிருப்பேன். அவள் கேட்ட வினாவுக்கோ என்னிடம் விடை இருக்கவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தேன். அவ்விடையைத் தேடிச் சென்ற வழியிலேதான் கிறிஸ்ரியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவரின் வரலாற்றைக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கற்ற பின்னர் என் வீட்டு அடுக்களையை வேறொரு கண்கொண்டு நோக்கலானேன்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு யாழ்ப்பாணத்துக் கோட்டையும் தேசவழமைச் சட்டமும் நினைவுக்கு வரும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் அவர்கள் ஆட்சியில் இருந்தது. இலங்கையை இழந்த பின்னரும் யாவா, சுமாத்திரா முதலிய தீவுகளிலே அவர்கள் நெடுங்காலம் ஆட்சி செலுத்தினர். அத்தீவுகளோடு பிணைந்ததே ஐக்மனின் வாழ்க்கை.

அவர் 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11ஆம் நாள் ஒல்லாந்து தேசத்தின் நைக்கேர்க் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஒரு பாடசாலையின் தலைமையாசிரியர். ஆசிரியர் வீட்டிலே ஏழாவது பிள்ளையாய்ப் பிறந்தவர் என்பதை அறிந்தபோது, ஆசிரியத் தொழிலைச் செய்யும் எனக்கு அவர்பால் ஒருவகை உறவுணர்ச்சி உண்டாயிற்று. மறு ஆண்டிலே குடும்பம் சாண்டாம் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1875இல் அவர் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த படைத்துறை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1883இல் கலாநிதிப் பட்டம் பெற்று, திருமணமும் செய்துகொண்டு, அவ்வாண்டே படைத்துறை மருத்துவராகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார்.

இளமையின் எழுச்சியோடு சென்றவரை மலேரியாக் காய்ச்சல் வீழ்த்திற்று. 1885இல் நலிந்த உடலோடு தாயகம் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டிலே இளம் மனைவியாரும் இறந்தார். நோயும் துயரும் ஒருங்கே தாக்கிய அந்நிலையிலும் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். நுண்ணுயிர்களை ஆராய்வதிற் பெரும்புகழ் பெற்றிருந்த றொபேட் கொக் என்பாரிடம் பயிலப் பேர்லின் நகருக்குச் சென்றார். அங்கேதான் அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது.

அக்காலத்திலே கிழக்குத் தீவுகளிற் பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் கப்பலோட்டிகளையும் சிறைக் கைதிகளையும் வாட்டி வந்தது. அந்நோயின் பெயர், இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்பர் பலர். இயலாமை என்பது அதற்கு மிகப் பொருத்தமான பெயரே. முதலிற் கால்கள் மரத்துப்போகும். பின்னர் நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கும். ஈற்றில் இருதயம் ஓயும். இந்நோயின் காரணத்தைக் கண்டறியுமாறு ஒல்லாந்த அரசு பெக்கெல்காறிங், விங்க்ளர் என்னும் அறிஞர் இருவரை 1886இல் அனுப்பியது. பேர்லினிலே அவர்களைச் சந்தித்த ஐக்மன், தாமும் உதவியாளராக உடன் செல்ல விரும்பி இசைவு பெற்றார். தம் உடலைக் கெடுத்த தேசத்துக்கே மீண்டும் செல்லத் துணிந்த அவர் மனவுறுதியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அறிஞர் இருவரும் ஏதோவொரு கிருமியே நோய்க்குக் காரணம் எனக் கருதி, 1887இல் நாடு திரும்பினர். எஞ்சிய வேலை ஐக்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டு சனவரியில், பத்தாவியா நகரத்துப் படைத்துறை மருத்துவமனையோடு சேர்ந்த சிறிய ஆய்வுகூடத்துக்கு அவர் தலைவரானார். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே அவர் கோழிகளை வளர்த்து, நோயாளரிடமிருந்து எடுத்த குருதியைச் சில கோழிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். சில காலத்தில் கோழிகள் கால் தளர்ந்து தள்ளாடி வீழலாயின. கிருமி அகப்பட்டது என மகிழ வேண்டிய தருணம் அது. ஆனால் குருதி ஏற்றப்படாத கோழிகளும் அவ்வாறே வீழ்ந்தன. அதனினும் வியப்பு, சில மாதங்களின் பின் யாதொரு மருந்துமின்றி நோய் மறைந்துவிட்டது. நோயுற்ற கோழிகளும் தேறின.

வேறொருவராயின் இதனை ஊழின் விளையாட்டு என்று விட்டிருப்பர். ஐக்மனோ கோழிகளின் உணவு யாது என உசாவினார். ஆய்வுகூடப் பணியாளர் சிக்கனங் கருதி, மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய சோற்றைச் சில மாதங்களாகக் கோழிகளுக்கு இட்டு வந்திருந்தார். அது நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. பின்னர் சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர், படையினருக்குரிய அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குக் கொடுத்தல் முறையன்று எனக் கூறி மறுத்துவிட்டார். ஆகவே கோழிகளுக்குத் தீட்டாத மலிந்த அரிசி வாங்கப்பட்டது. சமையற்காரரின் அக்கண்டிப்பே கோழிகளின் நோயைத் தீர்த்தது.

இக்குறிப்பைப் பற்றிக்கொண்டு ஐக்மன் மீண்டும் மீண்டும் சோதித்தார். தீட்டிய அரிசியைக் கொடுத்தபோது கோழிகள் நோயுற்றன. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது தேறின. நமது ஊர்களிலே குறும்பு செய்யும் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி நகையாடுவர். அத்துணை இழிந்ததெனக் கருதப்பட்ட தவிட்டிலேதான் ஓர் உயிரைக் காக்கும் பொருள் அடங்கிக் கிடந்தது.

கோழிக்கு உண்மையானது மனிதர்க்கும் உண்மையாகுமா? இதனை அறிய, மருத்துவப் பரிசோதகராயிருந்த வொர்டர்மன் என்னும் நண்பர் முன்வந்தார். யாவாவிலும் மதுராவிலும் உள்ள 101 சிறைச்சாலைகளின் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 280,000 கைதிகள் அக்கணக்கில் அடங்கினர். தவிடு முழுதும் நீங்காத அரிசியை வழங்கிய சிறைகளிலே பதினாயிரவரில் ஒருவருக்கே நோய் கண்டது. தீட்டிய அரிசியை வழங்கிய சிறைகளிலோ முப்பத்தொன்பது பேரில் ஒருவருக்கு நோய் கண்டது. கட்டடம் பழையதா, காற்றோட்டம் குறைந்ததா, நெரிசல் மிக்கதா என்பவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை எனவும் தெரிந்தது. நீராவி ஆலைகள் பெருகி அரிசியை வெண்மையாக்கத் தொடங்கிய காலத்திலே, அவ்வெண்மையை விலைகொடுத்து வாங்கியவர்கள் நோயையும் உடன் வாங்கினர்.

1896இல் ஐக்மன் மீண்டும் உடல் நலிந்து தாயகம் சென்றார். 1898இல் உற்றெக்ற் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானார். எனினும் அவர் கண்ட காரணம் முற்றும் சரியானதன்று. அரிசி மாவிலே ஒரு நஞ்சு பிறக்கிறது என்றும், தவிட்டிலே அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றும் அவர் கருதினார். அவருக்குப் பின் பத்தாவியாவில் ஆய்வைத் தொடர்ந்தவர் கிறைன்ஸ் என்னும் இளைஞர். அவர் 1901இல் வேறொரு விளக்கம் தந்தார். நஞ்சு என ஒன்றில்லை. உடலுக்கு இன்றியமையாத ஏதோவொரு பொருள் தீட்டிய அரிசியில் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்றார். நம் வீடுகளிற் கஞ்சிக்கும் பொங்கலுக்கும் இடும் பயற்றிலும் அப்பொருள் உண்டென அவர் காட்டினார். ஐக்மன் சில காலம் தம் கொள்கையையே பற்றி நின்றார். ஆயினும் சான்றுகள் வலுத்தபோது, தம்மிலும் இளையவரின் கருத்தே பொருந்துவது என ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்விலே யான் மிகவும் போற்றுவது இப்பகுதியையே.

இவ்வரலாற்றிலே தமிழர்க்கும் ஓரிடம் உண்டு. மலாயாவிலே பணியாற்றிய பிறாடன் என்னும் ஆங்கில மருத்துவர், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியாற் பெருந்தொகையாய் மாள, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே அணுகியதைக் கண்டார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. பின்னர், 1905ஆம் ஆண்டளவிலே, பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சாராருக்கு வெள்ளையரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளையரிசி உண்டோரையே பற்றிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே ஊறிச் செல்கின்றது. ஆதலாற் பின்னர் தவிடு நீங்கினும் சத்தின் பெரும்பகுதி எஞ்சி நிற்கின்றது. ஏடும் எழுத்தும் அறியாத நம் பாட்டிமார் நெல் அவித்த அடுப்பிலே இத்துணைப் பெரிய மருத்துவம் நிகழ்ந்திருக்கிறது.

1926இல் யான்சன், டொனாத் என்னும் இருவர் அதே பத்தாவியாவிலே தவிட்டினின்றும் அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இன்று விற்றமின் பி1 என்றும் தயமின் என்றும் வழங்குவது அதுவே. 1929இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு ஐக்மனுக்கும், ஆங்கில அறிஞர் ஹொப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோய்வாய்ப்பட்டிருந்தமையால் ஐக்மனால் அதனை நேரிற் சென்று பெற இயலவில்லை. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் உற்றெக்றிலே அவர் இவ்வுலகை நீத்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1990களிலே எரிபொருள் கிடையாமல் ஆலைகள் நின்றபோது, எங்கள் வீட்டுப் பின்புறத்தில் என் அன்னையார் நெல் அவித்து, உரலில் இட்டுக் குற்றினார். அந்தச் சிவந்த குத்தரிசிச் சோறும் கஞ்சியுமே எங்களைக் காத்தன. 2002இல் பாதை திறந்து பண்டங்கள் வந்து குவிந்தன. அப்பொழுது யான் சம்பளம் பெறும் ஆசிரியன். பளபளக்கும் வெள்ளையரிசியை மூட்டையாக வாங்கி வந்தேன். விருந்தினர் முன்னிலையிற் குத்தரிசிச் சோற்றைப் பரிமாறுதல் நம் மதிப்புக்கு இழுக்கு என அன்னையாரிடம் கூறினேன். அவர் மறுமொழி பகரவில்லை. அன்று முதல் தமக்கு மாத்திரம் ஒரு பிடி அரிசியை வேறாக உலையிலிட்டுக்கொண்டார். இளையவர் கூறிய உண்மையை மூத்தவராகிய ஐக்மன் ஏற்றார். மூத்தவராகிய அன்னையாரின் உண்மையை இளையவனாகிய யான் ஏற்கவில்லை. அன்னையார் இன்று இல்லை. உரல் வேலியோரத்தில் மழைநீர் நிரம்பிக் கிடக்கிறது.

இக்காலத்திலே பலவகைக் கறிகளும் பருப்பும் மீனும் உண்போர்க்குப் பெரிபெரி வருதல் அரிது. ஆயினும் அந்த அபாயம் முற்றும் நீங்கிவிடவில்லை. உணவைக் குறைத்து மதுவிலே மூழ்குவோருடைய உடலில் இச்சத்து அருகி, நரம்பும் நினைவும் கெடுவதை மருத்துவர் இன்றும் காண்கின்றனர். அரிசியைப் பலகாற் கழுவினால் நீரிற் கரையும் இச்சத்தின் ஒரு பகுதி கழுநீரோடு போகும். கஞ்சியை வடித்து ஊற்றினால் மற்றொரு பகுதியும் போகும். மூட்டையின் மேலுள்ள படத்தையும் அரிசியின் வெண்மையையும் நோக்கி விலைகொடுப்போர், அவ்வெண்மைக்காக நீக்கப்பட்டது யாது எனவும் ஒருமுறை கேட்டல் நன்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்து, அதிற் பெரிதும் உணவைப் பற்றியே பேசினார். அதன் காரணத்தை யான் பல்லாண்டு போதித்தும் உணர்ந்தேனல்லேன்.

அம்மாணவிக்குச் சொன்ன மறுநாள், அன்று மறுநாளாகாது மூன்று வாரம் கழிந்தே வந்தது. ஐக்மனின் வரலாற்றை வகுப்பிலே சொல்லி முடித்தேன். அவள் தன் பாட்டியார் இன்றும் நெல் அவிப்பதாகவும், அதைத் தான் தோழியரிடம் மறைத்து வந்ததாகவும் கூறினாள். இனி மறைக்க வேண்டியதில்லை என்று கூறியபோது, அவளுக்கு மாத்திரமன்றி எனக்கும் அதனைக் கூறிக்கொண்டேன். அன்று மாலை வீடு திரும்பும் வழியிலே இரண்டு கொத்துக் குத்தரிசி வாங்கிச் சென்றேன்.