பாட்டே வழிபாடு

நுழையும்முன்

வயல்வெளியில் எழும் பாட்டும் வழிபாட்டிடத்தில் எழும் பாட்டும் ஒரே மண்ணின் மூச்சு. துன்பம் வந்தபோது ஆறுதலுக்கும் மகிழ்ச்சி வந்தபோது நன்றிக்கும் நம் முன்னோர் பாட்டையே நாடினர். அப்பாட்டு பாடுவோரின் தாய்மொழியிலும் அவர்தம் மண்ணின் பண்ணிலும் அமையும்போதே உள்ளம் முழுமையாக ஈடுபடுகிறது. திண்டுக்கல்லில் இசை கற்கத் தொடங்கிய ஓர் இளைஞர், பிற்காலத்தில் தமிழிசையின் வேரைத் தேடிக் கண்டார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்ட ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

மலைக்கோட்டை நகரில் ஒரு மாணவர்

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறித்தவ நெறியில் வாழ்ந்த எளிய குடும்பம் அது. கல்வியில் சிறந்து விளங்கிய அவர், ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காக 1870களில் திண்டுக்கல்லுக்கு வந்தார்.

அந்நாளில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனிமலைத் தொடர், இடையே பரந்த சமவெளி, ஊர் நடுவே கோட்டையைத் தாங்கி நிற்கும் பெரும்பாறை என அமைந்த நகரம் அது. அங்குக் கிறித்தவ அமைப்பொன்று நடத்திய பயிற்சிப்பள்ளியில் அவர் பயின்றார். பயிற்சி முடிந்தபின் அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

பாடம் கற்ற ஊரிலேயே அவர் பண்ணையும் கற்றார். திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டிப் பத்தர் அவருக்கு முறையாக இசை பயிற்றுவித்தார். ஆசிரியரின் பெயரில் சிவமணம் கமழ்ந்தது. மாணவரின் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. இசை அவ்விருவரையும் ஆசானும் மாணவருமாக இணைத்தது. பிற்காலத்தில் நாடே வியந்த இசையாராய்ச்சிக்கு முதல் விதை இந்நகரில்தான் ஊன்றப்பட்டது.

ஆலயத்தில் இரு பாட்டு மரபுகள்

அக்காலத் தமிழ்க் கிறித்தவ ஆலயங்களில் இருவகைப் பாடல்கள் ஒலித்தன. ஒருவகை, ஐரோப்பியச் சமயப்பணியாளர் கொண்டுவந்த ஞானப்பாட்டுகள். அவற்றின் சொற்கள் தமிழாக இருந்தாலும் மெட்டுகள் மேலைநாட்டினவாக இருந்தன. மற்றொரு வகை கீர்த்தனைகள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில், தமிழ்மக்கள் கேட்டுப் பழகிய இராகங்களில் அவை பாடப்பட்டன.

கீர்த்தனை மரபுக்குப் பெருவளம் சேர்த்தவர் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). மதுரை வட்டாரத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப்பணியாளர் எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றைச் சேர்த்து 1853ஆம் ஆண்டு ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். அதன்பின் தமிழ்ப்பண்ணில் அமைந்த பாடல்கள் ஆலய வழிபாட்டில் மேலும் பரவின. எழுத்தறியாதவரும் இப்பாடல்களைச் செவிவழியே கற்றுப் பாடினர். வீட்டுத் திண்ணையிலும் நெடுவழிப் பயணத்திலும் நோயுற்றோரின் படுக்கையருகிலும் அவை துணைநின்றன.

இம்மரபு வேரூன்றிய சூழலில்தான் ஆபிரகாம் வளர்ந்தார். அவருக்கு இசை வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது இறைவனை அணுகும் வழியாக இருந்தது.

மருத்துவம் தந்த வாழ்வு

திண்டுக்கல்லில் இருந்த காலத்தில் ஆபிரகாம் மூலிகை மருத்துவத்திலும் நாட்டம் கொண்டார். மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்ற அவர், அங்குக் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரிடம் மருத்துவ நுட்பங்களை அறிந்தார். தமக்கு வழிகாட்டிய அம்முனிவரை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. தம் மருந்துகளுக்கும் தோட்டத்திற்கும் இசைநூலுக்கும் அவர் இட்ட பெயர்களில் கருணை என்னும் சொல் தொடர்ந்து வருவதே அதற்குச் சான்று.

1882ஆம் ஆண்டு ஞானவடிவு பொன்னம்மாளை அவர் மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சைக்குச் சென்று ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1890இல் ஆபிரகாம் அப்பணியை விட்டு மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். அவருடைய மருந்துகள் தமிழகத்தைக் கடந்தும் புகழ்பெற்றன. மக்கள் அவரைப் பண்டிதர் என அழைத்தனர். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி அவர் உருவாக்கிய கருணானந்தபுரம், பண்டிதர் தோட்டம் என்றே வழங்கலாயிற்று.

செல்வம் பெருகியபோது அவர் ஓய்வை நாடவில்லை. இளமையில் திண்டுக்கல்லில் தொடங்கிய இசைத்தேடலை மீண்டும் கையிலெடுத்தார்.

கற்போருக்குப் புரியாத பாடல்

இசை கற்கத் தொடங்குவோர் தொடக்கநிலையில் கீதங்களைப் பயில்வர். அந்நாளில் அவை பெரும்பாலும் வடமொழியிலும் தெலுங்கிலும் அமைந்திருந்தன. தமிழ்ச்சிறுவர் பொருள் அறியாமலேயே அவற்றை மனனம் செய்தனர். நாவு பாடியது, உள்ளம் வெளியே நின்றது. வழிபாட்டுப் பாடலின் பொருளை உணர்ந்து வளர்ந்த பண்டிதருக்கு இது பெருங்குறையாகத் தோன்றியது.

குறையைச் சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. கீதம் முதலிய பயிற்சி வடிவங்களில் தாமே தமிழ்ப்பாடல்களை இயற்றினார். அவற்றில் இறைவனின் அருளையும் மனிதன் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கத்தையும் பாடினார். அவ்வாறு அமைந்த 96 பாடல்கள் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்னும் பெயரில் 1907ஆம் ஆண்டு நூலாயின. சுரம் கற்கும் குழந்தை அதே வேளையில் பொருளையும் கற்றது. இசைப்பயிற்சியே இறைவேண்டலாகவும் ஆனது.

ஆய்ச்சியர் வட்டம் காட்டிய வழி

பாடல் தமிழாயிற்று; பண்ணும் தமிழருடையதுதானா என்னும் வினா அடுத்து எழுந்தது. விடைதேடிய பண்டிதரைச் சிலப்பதிகாரம் ஈர்த்தது. உ.வே. சாமிநாதர் 1892இல் அந்நூலையும் அதன் பழைய உரைகளையும் பதிப்பித்திருந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று.

மதுரைப் புறத்தே ஆயர்சேரியில் தீய குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. அச்சமுற்ற மாதரி, திருமாலை வழிபட்டுக் குரவைக்கூத்து ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்கள் வட்டமாக நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர்களே அவர்களுக்கு இடப்படுகின்றன. ஆடுமாடு மேய்க்கும் எளிய மக்களின் இறைவேண்டலுக்குள் நுட்பமான இசையிலக்கணம் பொதிந்திருக்கிறது.

அவ்விலக்கணத்தைப் பண்டிதர் கணக்கிட்டு ஆராய்ந்தார். ஒரு சுரத்திலிருந்து அதன் இளியை, அதாவது சட்சத்திலிருந்து பஞ்சமத்தைக் காண வேண்டும். அந்தப் பஞ்சமத்தையே சட்சமாகக் கொண்டு மீண்டும் அதன் பஞ்சமத்தைக் காண வேண்டும். இவ்வாறு 12 முறை சென்றால் 12 சுரங்களும் பிறந்து வட்டம் நிறைவுறும் என்பது அவர் முடிவு. அவ்வட்டம் பிசகின்றி முடிய வேண்டுமானால் சுரங்களின் இடைவெளிகள் சமமாக இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு தாயியில் அமையும் சுருதிகள் 24 என அவர் நிறுவினார். வடமொழி இசைநூல்கள் கூறிய 22 சுருதிக் கொள்கைக்கு இது மாறுபட்டது.

அவையில் ஒலித்த மகளிர் குரல்

தாம் கண்டதை அறிஞர் அவையில் வைத்து ஆராய விரும்பிய பண்டிதர், சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அதன் முதல் மாநாடு 1912ஆம் ஆண்டு தஞ்சையில் கூடியது. தொடர்ந்து பல மாநாடுகளைத் தம் சொந்தச் செலவிலேயே நடத்தினார்.

1916ஆம் ஆண்டு பரோடாவில் அனைத்திந்திய இசைமாநாடு நடைபெற்றது. அங்குப் பண்டிதர் தம் கொள்கையை விளக்க, அவருடைய மகளிர் மரகதவல்லியும் கனகவல்லியும் அதனை இசைத்துக் காட்டினர். பெண்கள் அவையேறிப் பாடத் தயங்கிய காலத்தில், தம் மகளிருக்கு இசையறிவை ஊட்டி அறிஞர் பேரவையில் நிறுத்தியது அவருடைய துணிவைக் காட்டுகிறது. அறிஞர் அனைவரும் அவர் கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. சுருதி பற்றிய கருத்துவேறுபாடு இன்றும் நிலவுகிறது. ஆயினும் தமிழிசைக்குத் தொன்மையான இலக்கணம் உண்டு என்பதை எவரும் புறக்கணிக்க இயலாதவாறு அவர் நிலைநாட்டினார்.

1917ஆம் ஆண்டு அவருடைய பெருநூலாகிய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இரண்டாம் பகுதியை மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டுத் தந்தையின் பணியை நிறைவு செய்தார். மறு ஆண்டு விபுலானந்தரின் ‘யாழ்நூல்’ வெளிவந்து பழந்தமிழிசை ஆய்வை மேலும் வளர்த்தது.

நிறைவாக

திண்டுக்கல்லில் இசை கற்ற இளைஞர் கேட்டவை எளிய வினாக்களே: நான் பாடுவது எனக்குப் புரிகிறதா? நான் பாடும் பண் என் முன்னோருடையதா? அவற்றுக்கு விடைகாண வாழ்நாளையும் செல்வத்தையும் அவர் ஈந்தார். கிறித்தவ நம்பிக்கையில் உறுதியாக நின்ற அவர், திருமாலை வாழ்த்திய ஆய்ச்சியர் குரவையில் தம் இசையின் வேரைக் கண்டார். பழைய பாட்டைப் போற்றுவது என்பது அதனைப் பொருளுணர்ந்து பாடுவதும், அது பிறந்த வழியைத் தேடி அறிவதுமே ஆகும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழர் சுரங்களை நரம்பு என்றும் வழங்கினர். குரல் – சட்சம், துத்தம் – ரிடபம், கைக்கிளை – காந்தாரம், உழை – மத்திமம், இளி – பஞ்சமம், விளரி – தைவதம், தாரம் – நிடாதம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முதியோர் பாடும் வழிபாட்டுப் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதி, அப்பாடல் அவர்கள் வாழ்வில் எப்போது துணைநின்றது என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.

2. பொருள் புரியாமல் பாடுவதற்கும் பொருளுணர்ந்து பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பட்டறிவைக் கொண்டு விளக்குக.