போர்டின் பிரேக் பிடிவாதம்

உலகத்துக்கு மலிவு விலையில் மோட்டார் வண்டி கொடுத்தவர், அமெரிக்கக் கோடீசுவரர் ஹென்றி போர்டு. வண்டியை ஓட வைப்பதில் அவர் மன்னர். அதை நிறுத்தும் விஷயத்தில் மட்டும் அவருக்கும், அவருடைய ஒரே மகனுக்கும் ஒத்துப்போகவில்லை.

விவசாயி மகன்

போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி, மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். 12 வயதில் தாயை இழந்தார். ஏர் பிடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுவதில்தான் ஆசை. 16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய், பட்டறை வேலையில் சேர்ந்தார். 1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1893-ல் மகன் எட்செல் பிறந்தான்.

1896-ம் ஆண்டு ஜூன் மாதம், வீட்டுக் கொட்டகையில் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். ஆனால் அதை வெளியே கொண்டு வர முடியவில்லை. வாசல் சிறியது! கோடரியை எடுத்துச் சுவரை இடித்தார். வண்டி தெருவுக்கு வந்தது.

1903-ல் போர்டு கம்பெனி பிறந்தது. 1908-ல் 'மாடல் டி' கார் வந்தது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள்.

விவசாயிகள் இந்தக் காரின் பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி பொருத்தி, மூட்டை ஏற்றினார்கள். 1925-ல் கம்பெனியே அப்படி ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 281 டாலர். போர்டு கம்பெனி முழுதாகச் செய்து விற்ற முதல் 'பிக்கப்' லாரி அதுதான்.

மிதித்தால் நிற்குமா?

அதில் காலால் மிதிக்க மூன்று மிதிகள் இருந்தன. வலது ஓரத்தில் இருப்பது பிரேக். அது சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குள் சுழலும் ஓர் உருளையைப் பிடிக்கும். உருளையைச் சுற்றி ஒரு பட்டை. மிதித்தால் பட்டை இறுகும், உருளை நிற்கும், அதோடு பின்சக்கரங்களும் நிற்கும். முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது.

பட்டையின் உள்பக்கம் பருத்தி நூலால் நெய்தது. பாரம் ஏற்றி மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு, மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது! அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? வண்டியைப் பின்னால் செலுத்தும் நடு மிதியை மிதிப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பின் அச்சு முறிந்துவிட்டால் எந்த மிதியும் உதவாது. கைப் பிரேக் ஒன்று உண்டு. அதற்குப் பலம் போதாது.

கம்பியா, எண்ணெயா?

1927 டிசம்பரில் 'மாடல் ஏ' வந்தது. இதில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக். மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். ஆனால் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சேற்றில் ஓடும் பிக்கப்பில் கம்பி மூட்டுகள் தேயும். அடிக்கடி முடுக்க வேண்டும்.

கிரைஸ்லர் காரில் 1924-லேயே எண்ணெய் பிரேக் வந்துவிட்டது. மிதித்தால், குழாய்களில் உள்ள எண்ணெய் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே சமயத்தில் அழுத்தத்தைக் கொண்டு போகும். கம்பியும் இல்லை, முடுக்கும் வேலையும் குறைவு. 1936-ல் போட்டிக் கம்பெனியான செவர்லேயும் இதற்கு மாறியது.

எட்செல் 1919 முதல் போர்டு கம்பெனியின் தலைவர். பெயருக்குத்தான் தலைவர், அதிகாரம் அப்பாவிடம். நாமும் எண்ணெய் பிரேக் வைப்போம் என்று அவர் வாதாடினார். கிழவர் அசையவில்லை. ஒரு முறை, அதிகாரிகள் முன்னிலையில் மகனை அதட்டி வாயை அடைத்ததாகச் சொல்வார்கள். எட்செல் எதிர்த்துப் பேசும் சுபாவம் உள்ளவர் அல்ல. கம்பெனி விளம்பரங்களோ, மிதியிலிருந்து சக்கரம் வரை இரும்பு என்று பெருமை பேசின.

கிழவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து எண்ணெய் பிரேக்கில், ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் போச்சு! முன்னும் பின்னும் தனித்தனி எண்ணெய் என்ற ஏற்பாடு, 1960-களில்தான் அமெரிக்க வண்டிகளில் பரவியது. என்றாலும் குழாய் உடைவது என்றோ ஒரு நாள். கம்பி தளர்வது அன்றாடம். மகன் சொன்னதே சரி.

கடைசியில், 1939-ம் ஆண்டு வண்டிகளில் போர்டு கம்பெனி எண்ணெய் பிரேக்கை வைத்தது. பிக்கப்பிலும் வந்தது. அப்பாவுக்கு அப்போது வயது 75.

எட்செல் நெடுநாள் வாழவில்லை. 1943-ம் ஆண்டு மே 26-ந்தேதி, வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 49. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த கிழவர், மீண்டும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1945-ல் பேரனிடம் பொறுப்பை விட்டார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி இரவு காலமானார். அன்று ஆற்றில் வெள்ளம். மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உயிர் பிரிந்தது.

1930-களின் போர்டு பிக்கப்புகளை ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அவர்களில் பலர் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, எட்செல் கேட்ட அந்த எண்ணெய் பிரேக்கை மாட்டிக்கொள்கிறார்கள். 1939-க்குப் பிந்தைய போர்டு வண்டிகளின் பிரேக், சிறு மாற்றங்களோடு அதில் பொருந்திவிடுகிறது.