உள்ளங்கைக்குள் ஓர் ஒலிவாங்கி: லிட்டில் வோல்ட்டர்

1990இல் வடக்கிலிருந்து வெளியேறியபோது வாப்பா எடுத்துவந்தது ஒரு மவுத் ஓர்கனும் பழைய ஒலிவாங்கியும்தான். மாம்புரிக் கடற்காற்றில் அந்த ஒலிவாங்கி ஊமையானது. அதைத் திருத்தத் திறந்தபோதுதான் லிட்டில் வோல்ட்டரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவின் லூசியானாவில் 1930இல் பிறந்த கறுப்பினக் கலைஞர் அவர். 12 வயதில் வீட்டைவிட்டுப் போய், தெருத்தெருவாக வாசித்துப் பிழைத்தார். சிக்காகோவில் மின் கிற்றார்களின் சத்தத்துக்குள் அவருடைய சின்ன வாத்தியம் அமுங்கியது. மலிவான ஒலிவாங்கி ஒன்றை அதனோடு சேர்த்துக் கைகளுக்குள் பொத்தி ஊதினார். ஒலிபெருக்கியில் கரகரத்து எழுந்த அந்த ஒலி உலகுக்குப் புதிது. 1952இல் பதிவான ‘ஜூக்’ அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 8 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1968இல், சண்டையொன்றில் பட்ட அடிக்குப் பின், 37 வயதில் இறந்தார்.

அக்கால ஒலிவாங்கிகள் பலவற்றில் இருப்பது றோசெல் உப்புப் பளிங்கு. ஈரமும் வெக்கையும் அதைக் கெடுத்துவிடும். வாப்பாவுடையதும் அப்படித்தான் போயிருந்தது. கூட்டை அப்படியே வைத்து, உள்ளே ஈரம் தாங்கும் காந்தவகை உறுப்பைப் பொருத்தினேன். காற்றுக் கசியாமல் சுற்றிவர இறப்பர் வளையம் போட்டேன்.

இப்போது வாப்பா இல்லை. மகன் ஊதிப் பழகுகிறான். எல்லாவற்றையும் விட்டுவந்த வீட்டில், கூடவந்த ஒன்றுக்காவது குரல் திரும்பியிருக்கிறது.