தாமஸ் மிட்ஜ்லி

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பீவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் 1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் தாமஸ் மிட்ஜ்லி பிறந்தார். 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் பயின்றது இயந்திரப் பொறியியல். ஆயினும் அவருடைய புகழும் பழியும் வேதியியலால் வந்தவையே.

மோட்டார் வண்டியின் எஞ்சின் தட்டொலியின்றி ஓட, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று 1921இல் அவர் கண்டார். ஈயம் நஞ்சென்பது அன்றே யாவரும் அறிந்தது. 1923இல் அவரே அந்நஞ்சால் நலிவுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அப்போது மிட்ஜ்லி செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தைக் கையில் ஊற்றிக் காட்டி, ஒரு நிமிட நேரம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். ஒரு நிமிடம் முகர்வது வேறு. நாள்தோறும் ஆலைக்குள் நின்று சுவாசிப்பது வேறு. இதனை அவர் அறியாதவரல்லர்.

அடுத்து அவர் கருத்து குளிர்பெட்டியின்பால் சென்றது. அந்நாளில் குளிரூட்டப் பயன்பட்ட கந்தக டை ஆக்சைடும் மெதில் குளோரைடும் கசிந்து உயிர்களைக் குடித்து வந்தன. 1928இல் மிட்ஜ்லியும் அவருடைய துணைவர்களும் குளோரினும் ஃபுளோரினும் கார்பனோடு இணைந்த வாயுவொன்றை உருவாக்கினர். 1930இல் வேதியியலார் கூட்டத்தில் அவர் அதனை மூச்சாக உள்ளிழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்தார். நஞ்சுமில்லை, தீப்பற்றுவதுமில்லை என்பது அச்செயலால் விளங்கிற்று. அது ஃபிரியான் எனப் பெயர் பெற்றது.

1940இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. படுக்கையினின்று எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்ட பொறியொன்றைத் தாமே அமைத்தார். 1944 நவம்பர் 2ஆம் நாள் அக்கயிறுகளிலேயே சிக்கி மூச்சடைத்து மாண்டார். அப்போது வயது 55.

ஃபிரியானின் கதை அத்துடன் முடியவில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரியான்-11 ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது. பாலியூரித்தேன் நுரைப்பொருள் செய்வோர் இதனை விரும்பினர். இரு திரவங்கள் கலக்குங்கால் எழும் சூட்டில் அது ஆவியாகிக் கலவையைப் பொங்கச் செய்யும். இறுகிய நுரையின் நுண்ணறைகளில் தங்கி வெப்பத்தையும் தடுக்கும். குளிர்பெட்டிச் சுவர்களெல்லாம் அதனால் நிரம்பின.

எளிதில் சிதையாமைதான் அதன் சிறப்பு, அதுவே கேடாயிற்று. காற்றில் அரை நூற்றாண்டளவு நிலைத்து, மேல் வளிமண்டலம் சென்று, கதிரவன் ஒளியில் குளோரினை விடுத்து, அது ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் கூறினர். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் பெரிதும் குன்றியது அறிவிக்கப்பட்டது. 1987இல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இக்கேட்டை முன்னறியும் வழி மிட்ஜ்லிக்கு இல்லை. ஆதலின் ஈயத்திற்குச் சுமத்தும் பழியை ஃபிரியானுக்கும் அவர்மேல் சுமத்துதல் நேர்மையாகாது.

மாற்றுப்பொருள் காண்பது எளிதாயிருக்கவில்லை. ஜெர்மானியக் குளிர்பெட்டி ஆலைகள் சைக்ளோபென்டேனைக் கையாண்டன. அது ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் தீப்பற்றுவது. வாயுக் கசிவைக் காட்டும் கருவி, வலிய காற்றோட்டம், தீப்பொறி எழாத மின்சாதனம் ஆகியவை இன்றி அதனருகே தொழிலாளரை நிறுத்தலாகாது. இச்செலவைத் தாங்காத சிற்றாலைகள் ஓசோனுக்குப் பத்தில் ஒரு பங்களவே கேடு செய்யும் எச்.சி.எஃப்.சி-141பி என்னும் இடைக்காலப் பொருளை நாடின. இந்தியா அதனையும் 2020 தொடக்கத்தில் கைவிட்டது.

விலக்கப்பட்ட ஃபிரியான்-11 எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பது 2018இல் வெளிப்பட்டது. கிழக்குச் சீனத்தில் சில நுரைப்பொருள் ஆலைகள் மலிவு கருதி அதனை மறைவாகப் பயன்படுத்தி வந்தன. கண்காணிப்பு கடுமையானபின் அவ்வெளியேற்றம் தணிந்தது. பழைய குளிர்பெட்டிகளின் சுவரில் அடைபட்ட வாயுவோ, அவற்றை உடைக்கும் இடங்களில் இன்றும் கசிந்துகொண்டிருக்கிறது.